பழைய லாரிக்குப் புதிய பிரேக்

திருவொற்றியூர்ப் பக்கம் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நம் மாணவ நண்பர்கள் அனைவரும் அந்த ஓசையைக் கேட்டிருப்பார்கள். துறைமுகம் நோக்கி வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரியின் டிரைவர் இறங்குவதற்கு முன் ஒரு பிடியை இழுக்கிறார். "புஸ்ஸ்" என்று காற்று வெளியேறுகிறது. காற்று போனால் பிரேக்கும் போய்விட வேண்டாமா? போவதில்லை, அப்போதுதான் அது இறுகிப் பிடிக்கிறது. இந்த விந்தையைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1951இல் எண்ணூரில் காமெட் 350 பொறி பொருத்திய லேலண்ட் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. 1955இல் நிறுவனம் அசோக் லேலண்ட் ஆயிற்று. அக்காலத்து லாரிகளில் பெரும்பாலும் எண்ணெய் பிரேக்தான் இருந்தது. மிதிக்கும் அழுத்தம் குழாயிலுள்ள எண்ணெய் வழியே நான்கு பக்கமும் பரவும். பாஸ்கல் விதி என்று நாம் படித்ததுதான். டிரைவரின் கால் வலிமை மட்டும் போதாது என்பதால் வெற்றிட பூஸ்டர் ஒன்று துணைக்கு நின்றது.

நிறுத்த வேண்டிய ஆற்றல் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 16 டன் எடையுள்ள லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 22 லட்சம் ஜூல். நம் வீட்டுத் தண்ணீர் ஏழரை லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். ஒரே ஒரு முறை நிறுத்துவதற்குள் அத்தனை வெப்பமும் டிரம்மிலும் லைனிங்கிலும் இறங்கியாக வேண்டும். வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகும். வேகத்தைக் குறை என்று சொல்லும் மெக்கானிக் இயற்பியல்தான் பேசுகிறார்.

வெற்றிட பூஸ்டரின் குறை அதன் பிறவிக் குறை. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அதனால் தள்ள இயலாது; நடைமுறையில் சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ கிடைத்தால் பெரிது. 25 செ.மீ. விட்டமுள்ள தட்டு வைத்தால் சுமார் 344 கிலோ விசை வரும். அழுத்தக் காற்று 7 கிலோவில் நின்றால் 8 செ.மீ. விட்டமே போதும், சுமார் 352 கிலோ வந்துவிடும். மேலும் டீசல் பொறியில் வெற்றிடம் தானாக உண்டாவதில்லை. அதற்குத் தனிப் பம்பு வேண்டும்.

1962இல் நம் சென்னையின் பாடியில் சுந்தரம் கிளேட்டன் தோன்றி, ஏர் பிரேக் உறுப்புகள் இங்கேயே செய்யப்படலாயின. அதன்பின் பழைய வண்டி வைத்திருப்போர்க்கும் அந்த ஆசை வருவது இயல்பு. இன்று பழைய லாரியையோ பஸ்ஸையோ சீர்செய்து ஓட்ட விரும்புவோர் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்: ஏர் டேங்கும் கம்ப்ரஸரும் வைத்தால் போதாதா?

போதாது. எண்ணெய் பிரேக்கில் சக்கரத்துக்குள் இருப்பது சிறிய சிலிண்டர். முழு ஏர் பிரேக்கில் அந்த இடத்தில் காமும், அதைத் திருப்பும் ஸ்லாக் அட்ஜஸ்டரும் வேண்டும். ஆகவே விவரமறிந்தவர் அச்சையே சக்கரங்களோடு சேர்த்து மாற்றுவார். நடுவழி ஒன்றும் உண்டு: எண்ணெயை அப்படியே விட்டு, வெற்றிட பூஸ்டரை எடுத்து ஏர் பூஸ்டர் வைப்பது. மிதி இலகுவாகும், ஆனால் ஒரே குழாய்த் தடமுள்ள பழைய வண்டியில் எண்ணெய் கசிந்தால் பழைய கதைதான். பின்சக்கரத்துக்கு மட்டும் வலுவைக் கூட்டுவது இன்னும் மோசம். மழை நாளில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ள, வண்டி குறுக்கே திரும்பும். தேய்ந்து மெலிந்த டிரம்மின் மேல் எந்த பிரேக்கை வைத்தும் பயனில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை விருப்பம்போல் மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் உரிமையாளர் மறக்கலாகாது.

இனி அந்த ஓசைக்கு வருவோம். 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதல் ரயில் புறப்பட்டபோது பிரேக் என்றால் ஆள் கையால் முறுக்குவது. 1869இல் அமெரிக்கர் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்குக் காற்று பிரேக் கண்டார். அதில் குழாய் அறுந்தால் பிரேக் இல்லை. 1872இல் அவரே அதைத் தலைகீழாக்கினார்: குழாயில் காற்று குறைந்தால் பிரேக் பிடிக்கும். லாரியில் அந்தக் கருத்தை நிறைவேற்றுவது ஸ்பிரிங் பிரேக். வலிய சுருள்வில் ஒன்று எப்போதும் பிரேக்கைப் பிடிக்கவே துடிக்கிறது. காற்றழுத்தம் அதை அமுக்கி வைத்திருக்கிறது. டிரைவர் பிடியை இழுத்ததும் காற்று வெளியேற, வில் விரிந்து பிடித்துக்கொள்கிறது. குழாய் வெடித்தாலும் அதுவே நடக்கும். பழைய வண்டிக்குப் புதிய பிரேக் வைப்பவர் பெறும் உண்மையான லாபம், என் எண்ணத்தில், இதுதான், வலிமை இரண்டாவது.

ஆனால் அந்த வில்லே பட்டறையில் எமன். அதன் அறையைப் போல்ட்டால் பூட்டி வில்லை அடக்காமல் திறந்தால் மூடி குண்டுபோல் பாயும். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து ஊதுவதும் கூடாது. நம் கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. டேங்கில் சேரும் நீரை நாள்தோறும் திறந்துவிடாவிட்டால் உள்ளே துருவேறும், வால்வு ஒட்டிக்கொள்ளும்.

காலையில் பொறியை ஓடவிட்டு லாரி நகராமல் நின்றால், பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். டிரைவர் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முள் ஏறத்தாழ 5 கிலோவைத் தாண்டும்வரை வில் விடாது.