தெரிவும் தெளிவும்

கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில் உள்ள பெரிய மளிகை அங்காடி ஒன்றில், ஜாம் எனப்படும் பழப்பாகினைச் சுவைத்துப் பார்க்க மேசையொன்று இடப்பட்டது. இட்டவர்கள் உளவியல் ஆய்வாளர்களான ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும். மேசையில் ஒரு வேளை 24 வகைகள் இருந்தன. மறு வேளை 6 வகைகளே இருந்தன. எல்லோரும் அறிந்த ஸ்ட்ராபெரி போன்றவற்றை அவர்கள் வைக்கவில்லை. பழகிய சுவையை எடுத்துக்கொண்டு எவரும் எண்ணாமலே நகர்ந்துவிடலாகாது என்பதே நோக்கம்.

ஆய்வின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 24 வகைகளைக் கடந்து சென்றோருள் நூற்றுக்கு 60 பேர் நின்றனர். 6 வகைகளுக்கு நின்றோர் 40 பேர். வாங்கியோரை எண்ணியபோதோ நிலைமை தலைகீழாயிற்று. ஆறின் முன் நின்றோருள் நூற்றுக்கு 30 பேர் வாங்கினர். இருபத்து நான்கின் முன் நின்றோருள் 3 பேரே வாங்கினர். மிகுதி கண்ணை ஈர்த்தது, கையைக் கட்டிப்போட்டது.

காரணத்தைக் கணக்கே ஓரளவு காட்டும். 6 பொருள்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 15 ஒப்பீடுகள். 24 பொருள்களுக்கு 276. பொருள்கள் நான்கு மடங்காகப் பெருகும்போது உழைப்பு பதினெட்டு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. தேர்ந்தெடுத்த பின்னரும் மனம் அமைவதில்லை. விட்டுவந்தவற்றுள் இதனினும் நல்லது இருந்திருக்குமோ என்னும் ஏக்கம் தொடர்கிறது. அதே ஆய்வாளர்களின் மற்றொரு சோதனையில், 30 சாக்லேட்டுகளிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுத்தோர், ஆறிலிருந்து எடுத்தோரைவிடக் குறைந்த நிறைவே பெற்றனர்.

எனினும், மிகுதி எங்கும் தீது என்று அறிவியல் கூறவில்லை. 2010-இல் ஷைபெஹென் என்னும் ஆய்வாளரின் குழுவினர் இத்தகைய 50 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சராசரி விளைவு ஏறத்தாழச் சுழியமாகவே இருந்தது. சிலவற்றில் மிகுதி தடுத்தது, சிலவற்றில் உதவியது. எப்போது தடுக்கிறது என்பதை 2015-இல் செர்னெவ் என்னும் ஆய்வாளரின் குழுவினர் வகுத்துரைத்தனர். பொருள்களை ஒப்பிடுவது கடினமாகும்போதும், முடிவெடுக்கும் பணி சிக்கலாகும்போதும், வாங்குவோருக்குத் தம் விருப்பமே தெளிவாக இல்லாதபோதும் மிகுதி சுமையாகிறது.

ஹெர்பர்ட் சைமன் 1956-இலேயே இதற்கொரு வழி காட்டியிருந்தார். பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அவர், உயிர்கள் ஆகச் சிறந்ததைத் தேடி அலையாமல், தேவைக்குப் போதுமானது கிட்டியதும் அமைந்துவிடும் முறையை விளக்கினார். இது சோம்பலன்று, எல்லையுடைய அறிவு தன் ஆற்றலைப் பேணும் முறை.

அங்காடி அடுக்குகளின் நீளத்தை நம்மால் குறைக்க இயலாது. நம் விருப்பத்தின் தெளிவைக் கூட்டிக்கொள்ள இயலும். ஆகவே, வாங்கப் புறப்படுமுன் எதற்காக வேண்டும், எவ்வளவு விலைக்குள் வேண்டும், எந்தப் பண்பு இன்றியமையாதது என்னும் மூன்றையும் வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் பொருந்திய பொருள் கண்ணில் பட்டதும் அதை எடுத்துக்கொண்டு நிறைவோடு திரும்புங்கள்.