இணையச் செயலி பழகுவோம் - 9: தேடல் பெட்டிக்குள் தமிழ்

சென்ற வாரம் லாகின் பக்கத்தை முடித்தோம். இந்த வாரம் தேடல் பெட்டி. வேலை என்னவோ சின்னதுதான். பயனர் தட்டச்சு செய்த சொல்லை வாங்கி, டேட்டாபேஸில் தேடி, கிடைத்ததைக் காட்ட வேண்டும். ஆங்கிலத்துக்குப் பத்து வரி கோட் போதும். தமிழுக்கு அது போதாது.

ஒரு சிறு நூலகத்துக்குப் புத்தகப் பட்டியல் செய்து கொடுத்திருந்தேன். நூலகர் 'கொங்கு' என்று தேடினார். எதுவும் இல்லை என்றது திரை. பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தால், அதே சொல்லோடு ஒரு தலைப்பு இருந்தது. அன்று இரவு முழுக்க என் கோடில் பிழை தேடினேன். பிழை இருந்ததோ எழுத்துக்குள்.

யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வை அடுத்து 'ொ' என்ற ஒரே குறி வருவது ஒரு விதம். ஒற்றைக்கொம்பும் காலும் இரண்டு தனிக்குறிகளாக வருவது இன்னொரு விதம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் முதலாவதை 2 என்றும், அடுத்ததை 3 என்றும் சொல்லும். இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்றுவிடும். 'கோ'வுக்கும் இதே கதை.

மருந்து கையருகே இருக்கிறது. 2015 முதல் ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு உண்டு. அது இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் தேடும் சொல்லுக்கு மட்டும் அதைப் போட்டால் பயனில்லை. சேமித்து வைத்த தலைப்புகளுக்கும் போட வேண்டும். தேடுவதற்கென்று டேட்டாபேஸில் தனிப் பத்தி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பயனர் எழுதிய மூல வடிவத்தைத் தொடாதீர்கள்.

இதற்கும் அடங்காதது 'ௌ'. 'கௌரவம்' என்பதை ஒற்றைக்கொம்பும் 'ள' எழுத்துமாகத் தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். அது வேறு எழுத்து என்பதால் நார்மலைஸ் அதைத் தொடாது. கொம்பையும் 'ள'வையும் கண்ட இடத்திலெல்லாம் 'ௌ' என்று மாற்றிவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. மாற்றினேன், 'தெளிவு' சிதைந்தது, 'வெள்ளி' சிதைந்தது. 'ள'வுக்குப் பின் புள்ளியோ துணைக்குறியோ வராத இடத்தில் மட்டும், அதுவும் தேடும் பத்தியில் மட்டும் மாற்றுவதே சரி என்பது என் முடிவு.

பாடப்புத்தக உதாரணங்கள் எல்லாம் ஆங்கிலச் சொற்களை வைத்தே சோதிக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பழகுங்கள், தவறில்லை. ஆனால் தமிழர்கள் பயன்படுத்தப்போகும் பெட்டியைத் தமிழில் சோதிக்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். கொங்கு, கோவை, கௌரவம், தெளிவு ஆகிய நான்கு சொற்களையும் இந்த வாரமே உங்கள் பெட்டியில் போட்டுப் பாருங்கள்.

அடுத்த வாரம், கிடைத்த முடிவுகளை அகர வரிசையில் அடுக்குவோம். நம் அகராதியில் மெய்களின் கடைசியில் வரும் 'ன', யூனிகோடில் 'ந'வுக்கு அடுத்தே நிற்கிறது.