கட்டிலுக்கு மேலே பூச்சிமருந்து... தூக்கம் எப்படி வரும்?

பருத்திக்கு மருந்தடிக்கும் பருவம். பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி எங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வந்தார். கையில் ஒரு பை. விதை வாங்க வந்திருப்பார் என்று நினைத்தேன். பைக்குள் இருந்தவை ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., ஸ்கேன் ரிப்போர்ட்டுகள்.

‘‘எல்லாம் நல்லா இருக்குன்னுதான் டாக்டருங்க சொல்றாங்க சார். ஆனா, ராத்திரி படுத்தா நெஞ்சு படபடங்குது. இத்தனை வருஷம் அடிச்ச மருந்து உடம்புல தங்கிருச்சோன்னு பயமா இருக்கு’’ என்றார்.

சில நாள் கழித்து வயல் பார்க்கப் போனபோது, அவர் வீட்டுக்கும் போனேன். கட்டிலுக்கு நேர்மேலே பரணில் ஏழெட்டு மருந்து பாட்டில்கள். கட்டிலுக்கு அடியில் கைத்தெளிப்பான். ஆணியில் மருந்தடித்த சட்டை. யூரியா மூட்டைகள் அடுக்கியதில் ஜன்னல் அடைபட்டிருந்தது. ‘‘அண்ணே, இந்த வாடையில நான் படுத்தாலும் தூக்கம் வராது’’ என்றேன்.

அவருடைய பயத்தைக் கேலி செய்ய முடியாது. வீட்டுக்குள் பூச்சிமருந்து வைப்பது உண்மையிலேயே ஆபத்து. அந்த வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம் ‘விஷம்’ என்ற நினைப்பு வருகிறது. பயந்தால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தலை கிறுகிறுக்கும். அதையே விஷத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டால் பயம் இரட்டிப்பாகும். டாக்டர் பகலில் சொன்ன தைரியம் ராத்திரி அந்த அறைக்குள் நுழைந்ததும் போய்விடுகிறது.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வாடையின் அளவு, விஷத்தின் அளவு அல்ல. பல திரவ மருந்துகளில் கரைப்பானுக்கே கடும் வாடை உண்டு. அதிக வாடை இல்லாத மருந்திலும் கடும் நஞ்சு இருக்கலாம். எனவே, மூக்கை நம்பாமல் லேபிளைப் பாருங்கள். சிவப்பு முக்கோணம் மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பச்சை என்றாலும் வீட்டுக்குள் வைக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை:

* அந்தப் பருவத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.
* வீட்டை விட்டுத் தள்ளி, காற்றோட்டமுள்ள அறையில் பூட்டி வையுங்கள். அறை இல்லையென்றால், நிழலில் பூட்டுள்ள இரும்புப் பெட்டி போதும். கிணறு, தீவனம், தானியத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். வீட்டில் யாராவது மனம் நொந்திருக்கும் நேரத்தில், அந்தப் பூட்டு ஓர் உயிரையே காப்பாற்றலாம்.
* குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.
* காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பு டேங்க்கிலேயே ஊற்றுங்கள். பிறகு, பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள்.
* மருந்தடித்த உடையைத் தனியாகத் துவையுங்கள். குளித்த பிறகே வீட்டுக்குள் செல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மருந்தடித்த பிறகு வாந்தி, அதிக எச்சில், கடும் வியர்வை, கண் மங்கல், மூச்சுத்திணறல் வந்தால், ‘பயம்தான்’ என்று இருந்துவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மருந்தின் லேபிளையும் கொண்டு போங்கள். சிகிச்சைக்கு அது முக்கியம். நஞ்சா, பதற்றமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பரிசோதனையில் கோளாறு இல்லை என்ற பிறகும் வாரக்கணக்கில் பயம் விடவில்லையென்றால், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த விவசாயி களத்து ஓரத்தில் தகரக் கதவு போட்ட சிறிய அறை கட்டினார். மூட்டைகளும் அங்கே போயின, ஜன்னல் திறந்தது. ரிப்போர்ட்டுகளை அவர் மனைவி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அடுத்த முறை வந்தபோது, ‘‘பயம் முழுசா போகல சார். ஆனா, இப்ப ராத்திரி தூங்குறேன்’’ என்றார். அன்றைக்கு அவர் கேட்டது, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி.