அறுந்தாலும் நிற்காத இணைப்பு

வீட்டில் இணையம் நின்றுபோனால் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடுவோம். ஓடும் ரயிலிலோ துணைமின் நிலையத்திலோ அது நடக்காத காரியம்.

அப்படிப்பட்ட இடங்களுக்கென்றே வலையமைப்புக் கருவிகள் செய்யும் நிறுவனங்களில் ஒன்று, 1987-இல் தைவானில் தொடங்கப்பட்ட மோக்ஸா. அதன் நெட்வொர்க் ஸ்விட்ச்சுகள் பலவற்றில் மின்விசிறியே கிடையாது. உலோகக் கூடே வெப்பத்தை வெளியேற்றிவிடும். மைனஸ் 40 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் மாடல்களும் உண்டு. ரயில் பெட்டிக்கான ஸ்விட்ச்சுகளில் கேபிள் முனையைத் திருகி இறுக்கலாம். அதிர்வில் எளிதில் கழன்று வராது. ஸ்விட்ச்சுகளை வளையமாக இணைத்துவிட்டால், கேபிள் ஓரிடத்தில் அறுந்தாலும் சுமார் 20 மில்லி விநாடிக்குள் தகவல் மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும்.

ஆலைகளிலோ கவலை வேறு: பழைய இயந்திரம். நன்றாகத்தான் ஓடும், ஆனால் அதில் சீரியல் போர்ட் மட்டுமே இருக்கும். அதைத் தூக்கிப்போடத் தேவையில்லை. மோக்ஸாவின் ‘என்போர்ட்’ என்ற சிறிய பெட்டியின் ஒரு பக்கம் சீரியல் கேபிளையும் மறுபக்கம் ஈதர்நெட் கேபிளையும் செருகினால், அளவீடுகள் கட்டுப்பாட்டு அறைக் கணினிக்கு வந்துவிடும். கணினியிலுள்ள பழைய மென்பொருளையும் பெரும்பாலும் மாற்ற வேண்டியதில்லை. வாடிக்கையாளர் போட்ட முதலீட்டை வீணாக்காத இந்த வழி மெச்சத்தக்கது.

மோக்ஸாவின் பல கருவிகளுக்கு 5 ஆண்டு உத்தரவாதம் உண்டு. பாதுகாப்புக் குறை தெரியவந்தால், அறிவிப்பும் திருத்திய ஃபர்ம்வேரும் வெளியிடப்படுகின்றன.