குழந்தை எழுதும் கணக்கு நோட்டு

“நான்கு வயதாகிறது, எதற்கும் பொறுக்க மாட்டேன் என்கிறாள். பயிற்சி கொடுத்தால் பொறுமை வருமா?” என்று கேட்கும் பெற்றோர் பலர். அதற்கென்றே வகுப்புகளும் செயலிகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. பணம் கட்டுமுன் ஓர் ஆய்வைப் பார்த்துவிடலாம்.

வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய மிட்டாய்ச் சோதனை பிரபலமானது: உடனே தின்றால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்றதும், மனக்கட்டுப்பாடே தலையெழுத்து என்று ஊதிப் பெருக்கினார்கள். 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை அலசியபோது, குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பில் பெரும்பகுதி கரைந்துபோனது.

எனக்கு வியப்பூட்டுவது ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு. 3 முதல் 5 வயது வரையிலான 28 குழந்தைகள். மிட்டாய்க்கு முன்பு, பழைய கிரேயான்களைக் கொடுத்து, “கொஞ்சம் பொறு, இதைவிட நல்லதாகக் கொண்டுவருகிறேன்” என்றார் ஆய்வாளர். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பி மன்னிப்புக் கேட்டார். ஸ்டிக்கரிலும் அப்படியே. அதன்பிறகே மிட்டாய் வந்தது. முதல் குழு சராசரியாக 12 நிமிடம் பொறுத்தது. இரண்டாவது குழு 3 நிமிடம். கடைசிவரை, அதாவது 15 நிமிடம், காத்திருந்தவர்கள் முதல் குழுவில் 14க்கு 9 பேர். இரண்டாவதில் ஒரே ஒரு பிள்ளை.

யார் எந்தக் குழு என்பது குணம் பார்த்து முடிவானதல்ல. ஆகவே மாறியது பிள்ளைகளின் மன உறுதி அல்ல, அவர்கள் போட்ட கணக்கு. பிள்ளையை ஒரு மளிகைக் கடை அண்ணாச்சியாக நினைத்துக்கொள்ளுங்கள். “அப்புறம் தருகிறேன்” என்று நாம் சொல்வதெல்லாம் அவரிடம் வாங்கும் கடன். அவர் நம் சம்பளத்தைக் கேட்பதில்லை, நோட்டைப் புரட்டுகிறார். தீப்பெட்டிக் காசு ஒழுங்காகத் திரும்பியிருந்தால் அரிசி மூட்டையையும் கடனுக்குத் தருவார். இரண்டு பாக்கி நின்றால் மூன்றாவது முறை ரொக்கம்தான். மன்னிப்பு வரவில் சேராது. கிரேயானும் ஸ்டிக்கரும்தான் அந்தத் தீப்பெட்டிக் காசு. கையிலிருக்கும் மிட்டாயை உடனே தின்ற பிள்ளை ரொக்க வியாபாரத்துக்கு மாறிவிட்டது.

28 பேரை வைத்து வாழ்நாள் ஆரூடம் சொல்ல முடியாது; அப்படிச் சொல்லி விற்கப்படும் புத்தகத்தையும் வாங்க வேண்டாம். ஆனால் வீட்டில் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. “அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்” என்றால் வர வேண்டும். ஊசி போடும்போது “வலிக்காதும்மா” என்பதைவிட “கொஞ்சம் வலிக்கும், சட்டுனு முடிஞ்சிடும்” என்பது நல்லது. முடியாததை முடியாது என்று அப்போதே சொன்னால் பிள்ளை அழும். ஆனால் நோட்டில் பாக்கி விழாது.