மகள் ஆங்கில இலக்கியம் எடுக்கப் போகிறாளா?

பருத்தித்துறையில் வசிக்கும் சகோதரி ஒருவர் என்னிடம் கேட்டார்:

"மகள் சாதாரண தரத்திலை நல்லாச் செய்திருக்கிறாள். இப்ப உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம்தான் எடுப்பன் எண்டு நிக்கிறாள். அவளின்ரை வாப்பாவுக்கு விருப்பமில்லை. அந்த வகுப்பிலை என்னதான் படிப்பிப்பினம்? நான் ஓம் எண்டு சொல்லவோ, வேண்டாம் எண்டு சொல்லவோ?"

சகோதரிகளே, உங்களில் பலர் வீட்டிலும் இதே கேள்வி எழுந்திருக்கும். பாடசாலைக்குப் போய்க் கேட்கக் கூச்சம். பிள்ளையிடம் கேட்டால், "உங்களுக்கு விளங்காது உம்மா" என்ற பதில்! ஆகவே கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். உயர்தர வகுப்பில் எல்லா மாணவருக்கும் 'பொது ஆங்கிலம்' என்று ஒரு பாடம் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளியில் அது சேராது. நாம் பேசுவது அதைப்பற்றி அல்ல. கலைப்பிரிவில் மூன்று பிரதான பாடங்களுள் ஒன்றாக எடுக்கும் ஆங்கிலத்தைப் பற்றி. "இங்கிலீஷ் நல்லாப் பேச வரும்" என்று எண்ணி இதை எடுத்த பிள்ளைகள் முதல் தவணையிலேயே திகைத்துப் போகிறார்கள். ஏனென்றால் அங்கே மொழி கற்றுத்தர மாட்டார்கள். மொழி தெரியும் என்று வைத்துக்கொண்டு நாடகம், கவிதை, நாவல், சிறுகதை என்று நேரே இறங்கிவிடுவார்கள். பிரித்தானிய எழுத்தாளர்களோடு அமெரிக்கர், இந்தியர், நம் நாட்டவரும் பாடத்திட்டத்தில் வருவார்கள். ஆனால் பிள்ளையை விழிபிதுங்கச் செய்வது பழைய ஆங்கிலேயர்கள்தான்.

பருத்தித்துறைக்கு இது புதிய படிப்பும் அல்ல. இன்று ஹாட்லிக் கல்லூரி என்று பெயர் பெற்றிருக்கும் பாடசாலையை வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் 1838இல் தொடங்கினார். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கிலத்தில் பெயர்த்துப் புத்தகமாக்கியவர் அவர். மெதடிஸ்த பெண்கள் உயர்தரப் பாடசாலையும் அந்த மிஷன் வழியில் வந்ததுதான். மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தில் நம் முன்னோர் அந்தக் காலத்து மிஷன் பாடசாலைகளை விட்டு ஒதுங்கி நின்றார்கள். அச்சத்துக்குக் காரணம் இருந்தது, இழப்பும் இருந்தது. அதே 1838இல் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை, மார்க்கத்தைக் காத்துக்கொண்டே ஆங்கிலமும் படிக்கலாம் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும், 1885இல் 'அஸன்பேயுடைய கதை' என்ற நாவலை வெளியிட்டவரும் அவரே. நாவல் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்!

சரி, வகுப்புக்குள் போவோம்.

முதல் மிரட்டல் ஷேக்ஸ்பியர். 1564இல் பிறந்து 1616இல் இறந்தவர். அவர் இறந்து மூன்று ஆண்டுகளில், 1619இல், யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அவ்வளவு பழைய ஆள். அவருக்குப் பின்னால் வந்த நம் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையே உரை இல்லாமல் நம்மில் எத்தனை பேர் படித்துவிடுவோம்? ஆங்கிலப் பிள்ளைகளுக்கும் ஷேக்ஸ்பியர் அப்படித்தான். குறிப்புரையோடு கூடிய பதிப்பை வைத்துக்கொண்டே படிக்கிறார்கள். எனவே மகள் ஒரு பக்கத்தைப் படிக்க அரைமணி நேரம் எடுத்தால், மந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் படிப்பின் வேகமே அதுதான்.

ஓர் இடத்தில் நம் பிள்ளைகளுக்கு இலண்டன் பிள்ளைகளைவிடச் சுலபம். இன்றைய ஆங்கிலத்தில் சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் 'யூ' ஒன்றுதான். ஷேக்ஸ்பியர் காலத்தில் 'தௌ' என்றும் 'யூ' என்றும் இரண்டு இருந்தன. எப்போது எதைச் சொல்கிறான், ஏன் திடீரென்று மாற்றிச் சொல்கிறான் என்பதில் அன்பும் கோபமும் அவமதிப்பும் ஒளிந்திருக்கும். அங்குள்ள பிள்ளைகள் இதைப் பாடமாக்கிக்கொள்ள வேண்டும். நீ, நீர், நீங்கள் என்று மூன்றையும் நாவில் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை. 'நீங்கள்' என்று பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று 'நீ' என்றால் நெஞ்சில் எங்கே குத்தும் என்று அவளுக்குத் தெரியாதா?

இலங்கை உயர்தர வகுப்பில் பாடமாக வைக்கப்பட்ட நாடகங்களுள் ஒன்று 'ஒதெல்லோ'. நம் வீட்டுப் பெண்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஏனென்றால், அதன் முழுப்பெயரிலேயே வெனிஸ் நகரத்து 'மூர்' என்று இருக்கிறது. வட ஆபிரிக்க முஸ்லிம்களைக் குறித்த அந்தச் சொல்லைத்தான் போர்த்துக்கேயர் கப்பலில் கொண்டுவந்து நமக்கும் சூட்டினார்கள். நம்மவர் பிறப்புச் சான்றிதழ்களில் 'இலங்கைச் சோனகர்' என்பதற்கு ஆங்கிலத்தில் நிற்பதும் அதுவே. 1600இல் மொரோக்கோ மன்னரின் தூதர் அப்துல் வாஹித் இலண்டனுக்குப் போய் எலிசபெத் அரசியின் சபையில் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். 1604 நவம்பர் 1ஆம் திகதி அரசர் முன்னிலையில் இந்த நாடகம் நடிக்கப்பட்டது. தூதரைப் பார்த்துத்தான் எழுதினார் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஆனால் இலண்டன் மக்கள் அப்போது 'மூர்' ஒருவரைக் கண்ணாலேயே கண்டிருந்தார்கள். நாடகத்து ஒதெல்லோ கிறிஸ்தவனாக வாழ்கிறான். துருக்கியருக்கு எதிராகப் படை நடத்துகிறான். அவன் வீரம் வெனிஸுக்கு வேண்டும். அவனை மருமகனாக ஏற்கத்தான் மனமில்லை. உள்ளே இருந்தும் வெளியாள்! 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு விரட்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு, எத்தனை காலம் வாழ்ந்தாலும் ஓர் ஊர் ஒருவரை 'அந்நியர்' ஆக்கிவிடக்கூடும் என்பதை ஆசிரியர் விளக்கத் தேவையில்லை.

கதை இதுதான். டெஸ்டிமோனா என்ற பெண் தகப்பனுக்குத் தெரியாமல் ஒதெல்லோவை மணக்கிறாள். பதவி உயர்வு கிடைக்காத ஆத்திரத்தில் இருக்கும் இயாகோ, அவள் நடத்தையில் கணவனுக்குச் சந்தேகத்தை ஊட்டுகிறான். பெரிய ஆதாரம் எதுவும் இல்லை, ஒரு கைக்குட்டை! ஒதெல்லோ முதன்முதல் அவளுக்குக் கொடுத்த அன்பளிப்பு. கணவனின் தலைவலிக்குக் கட்டிவிடப் போன வேளையில் அது கீழே விழுகிறது. பணிப்பெண் எமிலியா எடுத்துத் தன் கணவனிடம் கொடுக்கிறாள். அந்தக் கணவன்தான் இயாகோ. அவன் அதை இன்னோர் ஆணின் அறையில் போட்டுவைக்கிறான். அந்தத் துண்டுத் துணியை நம்பி, குற்றமற்ற மனைவியைக் கொன்றுவிடுகிறான் ஒதெல்லோ.

"கொலையும் சந்தேகமும் நிறைந்த கதையைக் குமர்ப்பிள்ளை படிக்கலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த நாடகத்தில் கொச்சைப் பேச்சும் உண்டு, நிறத்தைப் பழிக்கும் வார்த்தைகளும் உண்டு. மறைக்கவில்லை. ஆனால் அவற்றைப் பேசுகிறவன் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் இயாகோதான். ஓர் ஊர் வாய் எப்படிப் பெண்ணின் பெயரைக் கெடுக்கிறது என்பதை வகுப்பறையில் உட்கார்ந்து, வரிக்கு வரி பிரித்துப் பார்க்கும் பிள்ளை நாளைக்கு அப்படிப்பட்ட பேச்சைக் காதால் கேட்டதும் அடையாளம் காண்பாள் என்பது என் எண்ணம். பெண்மீது பழி சொல்பவன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும் என்ற சூரத்துந் நூரின் கட்டளையை ஓதி வளர்ந்தவளுக்கு, ஒரு கைக்குட்டையைச் சாட்சியாக ஏற்ற ஒதெல்லோவின் பேதைமை இன்னும் கூர்மையாகத் தெரியும்.

ஆனால் ஒன்று. பரீட்சைத் தாளில் அவள் உபதேசம் எழுதக் கூடாது. இயாகோ கெட்டவன், பொறாமை கூடாது என்று நான்கு பக்கம் எழுதினால் புள்ளி வராது. எந்தக் காட்சியில், எந்தச் சொல்லால், எந்தத் தயக்கத்தால் இயாகோ அவனை விழுத்தினான் என்று நூலிலிருந்தே காட்ட வேண்டும். தன் கருத்தைச் சொல்லலாம், ஆசிரியருக்கு மாறாகவும் சொல்லலாம். ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான். வகுப்பில் பார்த்தே இராத கவிதையைத் தந்து விளக்கச் சொல்வதும் உண்டு. அதற்கு மனப்பாடம் உதவவே உதவாது. நம் பகுதியில் ரியூசன் நோட்ஸை விழுங்கி வாந்தி எடுக்கும் பழக்கம் இருக்கிறதே, இந்தப் பாடத்துக்கு அது நஞ்சு. நாவலைப் படிக்காமல் சுருக்கத்தை மட்டும் படித்த பிள்ளையின் விடை இரண்டாம் வரியிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

நாவல் பக்கம் உங்களுக்கே ஆர்வம் வரும். பிரித்தானிய இலக்கியம் படிப்பவர் தாண்டிப் போக முடியாத பெயர் ஜேன் ஒஸ்டின். 1813இல் வந்த அவருடைய 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' நாவலில் ஒரு வீட்டில் ஐந்து பெண்பிள்ளைகள். தகப்பன் இறந்தால் சொத்து முழுவதும் தூரத்து ஆண் உறவினனுக்கு! பெண்களுக்கு நல்ல இடத்தில் கலியாணம் நடக்க வேண்டுமே என்று தவிக்கும் தாய். சீதன வீட்டுக்குக் கல் அறுத்து அடுக்கும் நம் ஊரில் யாருக்கு இது புரியாது? இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் முழு உரிமையோடு சொத்து வைத்திருக்க 1882ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. மஹரையும் வாரிசுப் பங்கையும் பெண்ணின் உரிமையாக அறிந்த பிள்ளை, வகுப்பில் எழுந்து கேட்க வேண்டிய கேள்விகள் இங்கே நிறைய உண்டு. மஹரை எழுத்தில் மட்டும் வைத்துவிட்டுச் சீதனத்தைக் கையில் வாங்கும் நம்மைப் பற்றியும் அவள் கேட்பாள். பதில் வைத்திருங்கள்!

அந்தச் சகோதரிக்கு நான் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, முதலில் ஆசிரியரை விசாரியுங்கள். வடக்கில் இந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் பல. பெயருக்கு வகுப்பு இருந்து, படிப்பிக்க ஆள் இல்லையென்றால் எடுக்கவே வேண்டாம். வகுப்பில் இரண்டு மூன்று பேரே இருந்தாலும் பரவாயில்லை, பேசிப் படிப்பிக்கும் ஆசிரியர் இருந்தால் போதும். ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றையாவது தானாகவே முடித்த பிள்ளையா என்பதையும் பாருங்கள். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்ததை மட்டும் நம்ப முடியாது. வேலைக்கு என்ன வழி என்று கேட்கும் வாப்பாவுக்கு, ஆங்கில ஆசிரியருக்கு இந்த மாகாணத்தில் இருக்கும் தட்டுப்பாடே பாதிப் பதில்.

மற்றது, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது குறையல்ல. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைக்குப் படித்த காட்சியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அவளுக்கு அது விளங்கவில்லை என்று அர்த்தம். விளங்கியிருந்தால், "ஏன் அப்படிச் செய்தாள்?" என்று கேளுங்கள்.

சில மாதம் கழித்து அந்தச் சகோதரி மீண்டும் பேசினார். மகள் ஒதெல்லோக் கதையைச் சொன்னாளாம். இவர் தோசைக்கு உழுந்து அரைத்தபடியே கேட்டிருக்கிறார். "கைக்குட்டையைக் காணேல்லை எண்டு டெஸ்டிமோனா தேடேக்கை, எமிலியா பக்கத்திலைதானே நிண்டவள்? அப்பவே, நான்தான் எடுத்துக் குடுத்தனான் எண்டு சொல்லியிருந்தால்? புருசனுக்குப் பயந்தோ, இல்லாட்டி அவனிட்டை நல்ல பேர் வாங்கவோ பேசாமல் இருந்தவள்?"

மகள் பதில் சொல்லவில்லையாம். எழும்பிப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, அடுப்படி வெளிச்சத்திலேயே அந்தக் காட்சியைத் தேடத் தொடங்கிவிட்டாளாம்.