செம்மறிகளைத் தையில் ஈனச் செய்தல்

செங்கற்பட்டு ஜில்லாவிலும் மாமல்லபுரத்தைச் சார்ந்த கடலோரக் கிராமங்களிலும் பெரும்பாலும் வளர்க்கப்பட்டு வருவது சென்னைச் சிவப்பு என்னும் செம்மறி ஜாதியாகும். இறைச்சிக்கென வளர்க்கப்படும் இவ்வாடு ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். அக்குட்டி இறப்பின் அவ்வீற்றின் வருமானம் முழுதும் போயிற்று. ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பட்டியில் பிறக்கும் குட்டிகள் குளிராலும் கழிச்சலாலும் மடிவதைக் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். 2015 நவம்பர், டிசம்பரில் பெய்த பெருமழையையும் எவரும் மறந்திரார். ஆயினும் மழையை மட்டும் நோவதிற் பயனில்லை. கிடாய் ஆண்டு முழுவதும் மந்தையோடு திரிவதே இந்நஷ்டத்திற்கு மூலகாரணம்.

குளிர்ந்த தேசங்களிற் பகற்பொழுது குறுகும் காலத்திலேயே செம்மறிகள் பருவத்திற்கு வரும். நம் நாட்டிற் பகலின் நீளம் அவ்வளவாக மாறுவதில்லையாதலால், மேய்ச்சல் உள்ள எம்மாதத்திலும் அவை பருவமடையக்கூடும். பருவம் ஒன்று அல்லது ஒன்றரை நாள் நிற்கும். சினைப்படாவிடில் சுமார் 17 நாட்களில் மீண்டும் வரும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். எனவே வைகாசி, ஆனியிற் சேர்ந்த ஆடு அடைமழையில் ஈனும். ஆவணியிற் சேர்ந்தது, மழை ஓய்ந்து சம்பா அறுத்த தாள்நிலம் மேய்ச்சலுக்குக் கிடைக்கும் தையில் ஈனும்.

ஆவணியைக் கொள்வதற்கு மற்றொரு நியாயமும் உண்டு. கத்தரி வெயிலில் வாடிய கிடாயின் விந்து கெடும். புதிய விந்து உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டு மாதம் செல்லும். கிடாய் ஏறுவதைக் கண்டமாத்திரத்தில் அது சினைப்படுத்தும் என்று நம்பலாகாது.

ஆகவே வைகாசி முதல் ஆடி முடியக் கிடாய்களைப் பெட்டைகளின் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாதபடி பிரித்து வைத்தல் வேண்டும். பின்னர் ஒரே நாளிற் சேர்த்தால், பருவமின்றி நிற்கும் பெட்டைகளையும் கிடாயின் வாசனை தூண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1944ஆம் வருஷத்திலேயே இது எடுத்துக்காட்டப்பட்டது. முதல் தூண்டுதலிற் பருவக்குறி பெரும்பாலும் வெளித்தோன்றாது. மூன்றாம் வாரத்திலேதான் பல ஆடுகள் ஒருங்கே கிடாயை நாடும். பத்து நாளிற் பொறுமையிழந்து கிடாயைப் பழித்தல் தவறு. 25 முதல் 30 பெட்டைகளுக்கு ஒரு கிடாய் போதும். மெலிந்த பெட்டைகளுக்குச் சேர்க்கைக்கு மூன்று வாரம் முன்பிருந்தே வேர்க்கடலைக் கொடியும் சிறிது பிண்ணாக்கும் கொடுத்துவருக.

புறம்போக்கிற் பலருடைய மந்தைகள் கலந்து மேய்கின்றன. அயலாரின் ஒரே கிடாய் அனைவரது முயற்சியையும் கெடுத்துவிடும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் சித்திரையிலேயே ஆட்டுக்காரர்களைக் கூட்டி, கிடாய்களைப் பிரிக்கும் நாளைப் பேசி முடித்தல் அவசியம். பிரித்துவைக்க இடமற்றோர் கிடாயின் வயிற்றின்கீழ்ச் சாக்குத் துணி கட்டலாம். ஆனால் வாசனையால் வரும் நன்மை கிட்டாது.

மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்திற் கறவைப் பசு தன் கன்றை நக்கி நிற்பதைச் சிற்பி செதுக்கியிருக்கிறான். செம்மறியும் ஈன்ற சில மணி நேரத்திற்குள் நக்கி மோந்தே தன் குட்டியை அறிந்துகொள்ளும். அப்பொழுது பிரித்தால் பின்னர்ப் பாலூட்ட மறுக்கும். ஆதலால் ஈன்ற ஆட்டை அன்று மேய்ச்சலுக்கு ஓட்டாமல், குட்டியோடு பட்டியிலேயே நிறுத்துக.